இறால் ஏன் சாகிறது என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "தவளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எறா மட்டும் ஏம்மா சாகுது? நீ படிச்சதுதான, சொல்லு" என்றாய். தெரியவில்லை என்றேன். அது பொய். இறால் ஏன் சாகிறது என்று எனக்குத் தெரியும். நீ கேட்பதற்குப் பத்து நாள் முன்பே தெரியும். எனக்கு விடை தெரியாத கேள்வி வேறு. தெரிந்ததை ஏன் சொல்லாமல் இருந்தேன்? எழுதி முடிப்பதற்குள் அது பிடிபட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. போனில் இதைப் பேச முடியாது. நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவாய், பக்கத்தில் மஞ்சு இருப்பாள், நான் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். படித்த பிறகு இதை உன் மனைவியிடம் காட்டுவதும் காட்டாமல் இருப்பதும் உன் இஷ்டம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நீ மதுரையிலிருந்து ஒரு பாலிதீன் பையைக் கையில் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உள்ளே ஆறு தவளை, ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. இன்னொரு பையில் சிவப்பாக, அரிசி நீளத்தில் இறால்கள். தவளை கரைக்கு வராது, தண்ணீருக்குள்ளேயே வாழும், மூச்சு விட மட்டும் மேலே வரும் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "இதையெல்லாம் அறுத்துப் பாத்துட்டு வந்தவ நான். எங்கிட்டயே வகுப்பு எடுக்கியா? பத்து நாள்ல தவளை எறாவத் தின்னுரும், பாரு" என்றேன். நீ தொட்டியில் பாசியை அடர்த்தியாகக் கட்டி வைத்தாய். குஞ்சு இறால்களில் சில தவளை வாய்க்குள் போகத்தான் செய்தன. பெரியவை தப்பித்தன, பாசிக்குள் புகுந்த குஞ்சுகளும் தப்பித்தன. வருடம் திரும்புவதற்குள் இறால் நாற்பதைத் தாண்டிவிட்டது. நான் சொன்னது பாதிதான் பலித்தது என்று நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவில்லை.

அறுத்துப் பார்த்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்ஸி. படிக்கும்போது தவளையைக் குளோரோஃபார்ம் ஜாடியில் போட்டு மூடுவோம். அது கண்ணாடியில் கையை வைத்து நிற்கும். விரல்கள் விரிந்திருக்கும். வகுப்பில் நன்றாக அறுப்பவள் என்று எனக்குப் பெயர். அதற்கு ஆசைப்பட்டு மற்றவர்கள் தவளையையும் நான் அறுத்துக் கொடுத்திருக்கிறேன். விடுதிக்குத் திரும்பிச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பேன். உன் தவளைகள் கண்ணாடியில் கையை ஊன்றி நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜாடிதான் தெரிந்தது. இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், படித்தவள் என்ற தோரணையைக் காட்டினேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் இப்போது பார்ப்பது பேண்டேஜ் துணி எவ்வளவு வேகத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சோதிக்கும் வேலை. உனக்குத் தெரியாததில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் ஒரு தவளை காணாமல் போனதே, மூன்று நாள் டார்ச்சும் கையுமாகத் தேடினாயே, அது எங்கேயும் ஒளியவில்லை. தொட்டியின் மேல்விளக்கைத் துடைக்க மூடியைத் திறந்தவள் நான். மூட மறந்துவிட்டேன். மறுநாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பெருக்கும்போது காய்ந்த புளியங்கொட்டை போல விளக்குமாறில் வந்தது. குப்பையில் போட்டுவிட்டு, "பாசிக்குள்ளதான் எங்கயாச்சும் இருக்கும், செத்த நேரம் பொறுத்துப் பாரு" என்று உன்னிடம் சொன்னேன். கல்யாணம் முடிந்த மாதம், அடுக்களையில் சாமான் ஒழித்துக்கொண்டிருந்த மஞ்சு ரொம்பச் சாதாரணமாக, "இந்தக் குப்பைக்கூடையிலதானத்த அந்தத் தவளை காஞ்சு கெடந்துச்சு?" என்று கேட்டாள். உனக்குத் தெரிந்திருக்கிறது. என் குப்பைக்கூடையை நீ பார்த்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வந்து நான்கு வாரம் ஆன பெண்ணிடம் சொல்லியிருக்கிறாய். தவளை செத்ததற்கு நான் வருத்தப்பட்டேனா என்று இப்போது யோசித்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நீ அவளிடம் சொன்னதற்கு வருத்தப்பட்டேன். அது மட்டும் நிச்சயம்.

பிறகு உனக்குப் புனேயில் வேலை கிடைத்தது. தொட்டியை என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. இங்கேதானே இருக்கும் என்று நினைத்தேன். நீ இரவு ஷிப்டுக்குப் போன நாளிலெல்லாம் அவற்றுக்குப் புழு போட்டது யார்? ஒரு சனிக்கிழமை நான் கம்பெனியிலிருந்து வந்தபோது மேஜை காலியாக இருந்தது. தொட்டி இருந்த இடத்தில் மட்டும் பலகை வெளுத்து, நீள்சதுரமாக ஒரு தடம். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல அத்தை பாத்துக்கிறேன்னு சொன்னாங்கம்மா. ஒனக்கு எதுக்குச் சிரமம்" என்றாய். மஞ்சுவின் அம்மாவுக்கு மட்டும் சிரமம் இல்லையா என்று நான் கேட்கவில்லை. தம்பி, உனக்கு இனி ஒரு குடும்பம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நீயாக முடிவு செய்யாதே. அவர்களைக் கேள். சிரமம் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறவர்களும் இருப்பார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

அதன் பிறகு என் வேலை மஞ்சுவின் ஸ்டேட்டஸைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. உன் அத்தை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்திருப்பதைப் பார்த்தேன். இறால் தோல் உரித்துப் போட்டதைச் செத்த இறால் என்று நினைத்து அவர்கள் அழுததும், நீ வீடியோ காலில் "சட்டை மாத்திருக்குத்த" என்று தேற்றியதும், "மாத்துறதுதான் மாத்துது, அளவாச்சும் சொல்லிட்டு மாத்தக் கூடாதா" என்று அவர்கள் கேட்டதும் உங்கள் எல்லாருக்கும் பெரிய சிரிப்பு. என்னோடு உன் பேச்சு நான்கு நிமிடம். சாப்பிட்டாயா, மழை உண்டா, அப்பாவுக்குச் சுகர் எவ்வளவு. அங்கே தினமும் முக்கால் மணி நேரம் என்று உன் மாமனாரே ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். ஒரு வீடியோவில் நீ அவர்களை "ம்மா" என்று கூப்பிடுவது கேட்டது. அத்தம்மா என்று கூப்பிட்டதில் பின்பாதி மட்டும் கேட்டிருக்கலாம் என்று உன் அப்பா சொன்னார். நான் அந்த வீடியோவை ஆறு தடவை போட்டுக் கேட்டேன். "தவளைக்கா சம்பந்தி சண்டை?" என்று சிரித்துவிட்டு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மேல் ரதவீதியில் ஒரு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். ராஜபாளையத்தில் கிடைக்காத ரவிக்கைத் துணியா என்று உன் அத்தை கேட்கவில்லை. "வாங்க மதினி, வாங்க" என்று கையைப் பிடித்து மெஷின் பக்கத்திலேயே உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். தொட்டி நன்றாக இருந்தது. எனக்கு அது வருத்தமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கண்ணாடி துடைத்துவிட்டது போல, பாசி கத்தரித்து ஒழுங்காக. மூடியின் மேல் பிளவுஸ் துணியில் தைத்த ஒரு உறை, பொத்தான் வைத்து. தவளை வெளியே வர வழியே இல்லை. தவளைக்குக் கண் சரியாகத் தெரியாது, அது புழுவை மோப்பம் பிடித்து வருவதற்குள் இறால்கள் தூக்கிக்கொண்டு ஓடிவிடும் என்று நீ சொன்னதை அப்படியே கடைப்பிடித்தார்கள். ஒரு மூலையில் இறால்களுக்குத் தனியாகத் தீனி போட்டு அவற்றை அங்கே கூட்டிவிட்டு, மறுமூலையில் இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு தவளைக்கும் வாய்க்கு நேராகப் புழுவை நீட்டினார்கள். நான் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறவள். மெஷினை மிதித்ததும் ஆண் தவளை ஒன்று உர்ரென்று கூடவே முனக ஆரம்பித்தது. "மெஷினு ஓடுனா அவனுக்குப் பாட்டு வந்துரும்" என்றார்கள். நம் வீட்டில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது அது. ஒரு நாளாவது சத்தம் போட்டதா?

எல்லாத் தவளைக்கும் பெயர் வைத்திருந்தார்கள். சீனி, பூசணி, பாகவதர், சின்னவன். ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, ஒரு சட்டியின் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. இது யார் என்று கேட்டேன். அவர்கள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே கட்டிலில் படுத்திருந்த உன் மாமனார் குரல் கொடுத்தார்: "சொல்லேன், பெரிய மதினின்னு. எல்லாரும் தின்னுட்டுப் போன பொறவுதான் வெளிய வருவாக. வந்தாலும் ஒருத்தர் கூடயும் பேச மாட்டாக." உன் அத்தை, "நீங்க சும்மா கெடங்க" என்று அதட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சிரித்து முடிக்கும்போதுதான் குடத்தைப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால் ஒரு முக்காலியில், வெள்ளைத் துணியால் வாய் கட்டி, கண்ணைப் பறிக்கிற பளபளப்பில் ஒரு செம்புக் குடம். உன் கல்யாணத்தில் அவர்கள் மகளுக்கு அடுக்கடுக்காகப் பாத்திரம் வைத்தார்கள். அதைப் பார்த்து எனக்குத் தாழ்ந்துபோனது போலிருந்தது. மறுவீட்டு விருந்துக்குப் போகும்போது, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் குடம் கொண்டு போகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று உன் அப்பா சொல்லச் சொல்லக் கேட்காமல், கடையில் இருந்ததிலேயே கனமான செம்புக் குடமாக வாங்கிப்போய்ச் சபையில் வைத்துக் கொடுத்தேன். இதில் தண்ணீர் வைத்துக் குடியுங்கள், உடம்புக்கு நல்லது என்று நானே சொன்னேன். இப்போது உன் அத்தை சொன்னார்கள்: "கொழாத் தண்ணிய ஒரு ராத்திரி வச்சிருந்துதான் தொட்டிக்கு ஊத்தணும்னு மாப்பிள்ளை சொன்னாருல்ல? மொதல்ல பிளாஸ்டிக் வாளியிலதான் வச்சேன். மனசு கேக்கல மதினி. வாயில்லாச் சீவன். அதான் போன மாசத்துலருந்து நீங்க குடுத்த கொடத்துல வச்சு ஊத்துறேன். தெனம் புளி போட்டு வெளக்கிருவேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். செம்பு மனிதருக்கு எப்படியோ, இறாலுக்கு விஷம். கொஞ்சமே போதும். புளி போட்டுத் தேய்த்த பளபளப்பான செம்பில் ஒரு ராத்திரி நின்ற தண்ணீரைத் தினமும் ஒரு சொம்பு, இரண்டு சொம்பு என்று ஊற்றிக்கொண்டே வந்தால் அது தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். இறால் முதலில் சாகும். விட்டால் தவளைக்கும் கெடுதிதான். எனக்கு இது பேண்டேஜ் துணியைப் போலத் தெரிந்த விஷயம். நாக்கு நுனி வரை வந்தது. அப்போதே பாசிக்கு அடியில் வெளிறிப்போய், ரோஸ் நிறத்தில் இரண்டு மூன்று கிடந்தன. உரித்த தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், செத்தது அப்படி இருக்காது. "சட்டை மாத்திருக்கு" என்று அவர்கள் சந்தோஷமாகக் காட்டினார்கள். ஆமாம் என்றேன். இரண்டாவது காப்பியையும் குடித்துவிட்டு, ரவிக்கைத் துணி எடுக்காமலே பஸ் ஏறினேன்.

பெரிய மதினி என்ற பெயர்தான் காரணமா? அப்படியென்றால் அது ஒரு நாள் கோபம், அன்று மாலையே போன் செய்திருப்பேன். நீ "ம்மா" என்று சொன்னதா? என்னிடம் பாடாத தவளை அங்கே பாடியதா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன், எதுவும் தனியாக நிற்கமாட்டேன் என்கிறது. இந்த வார்த்தையை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: பொறாமை. ஐம்பதை நெருங்குகிறவளுக்கு, ஏழாவது வரை படித்து ரவிக்கை தைக்கிற ஒரு பெண்மேல் பொறாமை. அவர்கள் என்னிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. நீயாகக் கொண்டுபோய்க் கொடுத்தாய். உன்மேல் கோபப்பட எனக்குத் தைரியம் இல்லை, உன் நான்கு நிமிடமும் போய்விடுமோ என்ற பயம். அதனால் இறால்களைச் சாக விட்டேன்.

இன்று காலையில் உன் அத்தை போன் செய்தார்கள். பாதிக்கு மேல் போய்விட்டதாம். "எங்கையி ராசியில்ல மதினி. மாப்பிள்ளை ஆசையா வளத்தத எங்கையால கொன்னு போட்டுருவேன் போலிருக்கு. பேசாம நாளைக்கு வண்டி வச்சு ஒங்க வீட்டுக்கே கொண்டாந்துருதேன். நீங்க படிச்சவுக, ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றார்கள். நீ கவனித்தாயா, தம்பி? நான் ஒன்றுமே செய்யாமல், வாயை மூடிக்கொண்டு இருந்ததாலேயே, நான் ஆசைப்பட்டது என் வீட்டு வாசலுக்கு வருகிறது. இங்கே வந்ததும் இறால் சாவது நின்றுவிடும். நான் வாளியில்தானே தண்ணீர் வைப்பேன்! நீ தினமும் முக்கால் மணி நேரம் என்னிடம் பேசுவாய். அவர்கள் கடைசி வரை கைராசி இல்லாதவர்களாக இருந்துவிடுவார்கள். "கொண்டு வாங்க மதினி" என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு, மேஜையில் இருந்த அந்த வெளுத்த தடத்தை ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது.

சாயங்காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு இப்போது தகுதி இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உங்கள் இருவருக்குள்ளும் மனத்தாங்கல் வரும், வராமல் இருக்காது. அப்போது மஞ்சு உன்னிடம் ஏதாவது கேட்டால், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடு. கோபத்தைப் பிறகு வைத்துக்கொள், அது எங்கேயும் போகாது. நான் மாற்றிச் செய்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த தவளையைப் பற்றி அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால், நீ தொட்டியை என்னிடமே விட்டிருப்பாயோ என்னவோ. நீயும் என்னிடம் கேட்டிருக்கலாம். வாயை மூடிக்கொள்வதில் நீ என் பிள்ளைதான்.

நாளைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லியிருக்கிறேன். வண்டி அங்கிருந்து கிளம்புவதற்குள் நான் போய்விட வேண்டும். போய் என்ன சொல்வேன், சொல்வேனா என்பதே இதை எழுதுகிற நேரத்தில் எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதிவிட்டு அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

எட்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் குட்டி யானை வண்டி நின்றது. தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்திருந்தார்கள், தவளைகள் ஒரு டப்பாவில் இருந்தன. நான் செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "மதினி, எறா சாகுறது இந்தக் கொடத்தாலதான். செம்பு அதுக்கு ஆகாது. ஒங்க கைராசிலாம் இல்ல."

உன் அத்தை குடத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். "இது எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?"

"அன்னைக்கு இங்க வந்தப்பவே."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்கள். "அன்னைக்கு ரெண்டு வாட்டி காப்பி குடிச்சியளே, மதினி. அம்புட்டு நேரமும் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவர்கள் போய் மெஷினில் உட்கார்ந்து, பாதியில் கிடந்த ஒரு ரவிக்கையின் கையைத் தைத்து முடித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். டப்பாவுக்குள் தவளை முனகியது. உன் மாமனார் வெளியே போய் வண்டிக்காரரை அனுப்பிவிட்டு வந்தார். நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்று அவர்கள் கேட்டார்கள். பரணிலிருந்து பழைய பிளாஸ்டிக் வாளியை இறக்கினோம். பக்கத்து வீட்டில் முந்தின நாள் பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாங்கி ஊற்றினோம். மீதியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்ற வேண்டும் என்று காகிதத்தில் எழுதி மெஷின்மேல் ஒட்டினேன். பாசியை விலக்கி எண்ணினோம். பதினொரு இறால். தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்று நான் சொன்னதற்கு, "அத நீங்க சொல்லித்தானா" என்றார்கள். காப்பி கொடுக்கவில்லை. நான் கிளம்பும்போது குடத்துத் தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றி, துணியால் ஒட்டத் துடைத்து, என் கையில் கொடுத்தார்கள். "இது ஒங்க வீட்லயே இருக்கட்டும்."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எந்த வீட்டுச் சீர் என்று பக்கத்து இருக்கையில் ஒரு அம்மாள் கேட்டார்கள். எங்கள் வீட்டுச் சீர்தான் என்றேன். இப்போது அது அந்த மேஜைமேல், வெளுத்த தடத்தின் நடுவில் இருக்கிறது.

சாயங்காலம் ஐந்தரைக்கு உன் அத்தையிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன். "பதினொண்ணும் இருக்கு" என்றார்கள். வைத்துவிட்டார்கள்.

அம்மா